செருப்புக்கும் இரும்புக்கும் இடமில்லை

"ஹலோ… ஹலோ… சகலையா? … ஆமா ஆமா, நான்தான். ஏன், குரலே மறந்து போச்சா? … இல்ல இல்ல, ஒண்ணும் இல்ல. ஏதாவது இருந்தாத்தான் பேசணுமா? சும்மாதான் கூப்பிட்டேன். … சும்மான்னா சும்மாதான் சகலை! இதுல நோண்டி நோண்டிக் கேக்க என்ன இருக்கு?"

சும்மா கூப்பிட்டவர் தன் வீட்டுப் பின்பக்கத்து மரப்பட்டறைக்குள் கதவை உள்தாழ் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். வலது கையில் போன். இடது கை தலைக்கு மேலே, வாத்தியாரிடம் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிற பையனின் கை மாதிரி உயர்ந்திருந்தது. அந்தக் கையின் மோதிர விரலில், நடுக்கணுவைத் தாண்டி, ஒரு பேரிங் இறுகிப்போய்க் கிடந்தது.

நடந்தது இவ்வளவுதான். ரம்ப மெஷின் கொஞ்ச நாளாக முனகிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து, பேரிங்கை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் அலசி, துணியால் துடைத்தார். அதுவரைக்கும் புத்திசாலித்தனம். அதற்குப் பிறகு, பேரிங்கைக் கையில் எடுத்த எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். நடு ஓட்டையில் விரலை விட்டு, வெளி வளையத்தை ஒரு சுண்டு சுண்டினார். கிர்ர்ர் என்று அது சுழன்ற சுகத்தில் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. விரலை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி இன்னொரு சுண்டு. அந்தச் சுற்று நின்ற பிறகு கழற்றப் பார்த்தால், வரவில்லை. சோப்பு போட்டார், எண்ணெய் விட்டார், இழுப்பறைகளுக்குத் தடவுகிற மெழுகைக்கூடத் தடவினார். இழுக்க இழுக்க விரல் வீங்கியதுதான் மிச்சம். இப்போது அது கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"அப்புறம்? உங்க பட்டறை எந்த மட்டுல இருக்கு? … ஓ, லேத் மெஷின் வந்து இறங்கிடுச்சா! பரவாயில்லையே. எங்க வைக்கறீங்க? … மாடியிலயா? … மாடியிலன்னா, படுக்கிற ரூமுக்குப் பக்கத்து ரூம்லயா? … சிரிக்கல. நான் சிரிக்கல சகலை, இருமல். … இரும்பு கடையற மெஷினைக் கொண்டுபோய் மாடியில வைக்கற ஆளை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். அது ஓட ஆரம்பிச்சா கீழ்வீட்டுக்காரங்க பல்லெல்லாம் ஆடும். … ஆமா, அதுவும் உங்களுக்கு நல்லதுதான். ஆடற பல்லை நீங்களே புடுங்கிக்கலாம். வாசல்லயே தொழில்!"

பல் மருத்துவர் என்பதால் சகலைக்கு இந்த மாதிரி வசனங்கள் பழக்கம். மாமனார் வீட்டில் இவர் பெரியவர், அவர் சின்னவர். அக்கா தங்கையைக் கட்டியவர்கள் என்பதைத் தவிர இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்றுமில்லை என்று பெரியவர் உறுதியாக நம்பினார். விடுமுறை நாளில் அவருக்கு மரம், சின்னவருக்கு இரும்பு. மரவேலை செய்கிறவனுக்குக் கண் வேண்டும், கை வேண்டும், பொறுமை வேண்டும். இரும்பு வேலைக்கு என்ன வேண்டும்? காது கேட்காமல் இருந்தால் போதும். போன மாதம் மாமனார் வீட்டுக் கூடத்தில், எல்லோரும் இருக்கும்போது, இதை அவர் உரக்கவே சொல்லியிருந்தார். சின்னவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேசை எதுல போட்டிருக்கீங்க? … இரும்புச் சட்டம், சரி. மேல? … பிளைவுட்டா! சகலை, தயவுசெஞ்சு அதை மேசைன்னு வெளியில சொல்லாதீங்க. கேக்கறவன் என்னைத்தான் கேப்பான், 'நீங்கள்லாம் இருந்துமா?'ன்னு. … சரி, வைஸ் எங்க மாட்டினீங்க? … நடுவுலயா? … அய்யய்யே. … எதுக்கு அய்யய்யேவா? இரும்பைக் கவ்விப் பிடிக்கற வைஸைக் கொண்டுபோய் மேசைக்கு நடுவுலயா மாட்டுவாங்க? மூலையில மாட்டணும், மேசைக் காலுக்கு நேர் மேல. நடுவுல மாட்டினா நீங்க ஒரு தட்டு தட்டும்போது மேசையே குதிக்கும். … ஆங், குதிக்குதுல்ல? குதிக்கும். … உயரம் எவ்வளவு வச்சீங்க? … உங்க வீட்டம்மா அளந்தாங்களா! அப்ப சரி. மாமா வீட்டு ஜன்னலுக்கு அளந்து திரை தச்சு, அது பாதி ஜன்னல்லயே நின்னு போச்சே, அந்தக் கைதானே? … நான் குறையா சொல்லல. இருக்கறதைச் சொல்றேன்."

பெரியவருக்கு ஏளனம் என்பது வலி மாத்திரை மாதிரி. நாலு வார்த்தை மட்டம் தட்டினால் உடம்பு லேசாகிவிடும். சகலையின் மேசையையும் வைஸையும் கொழுந்தியாளின் அளவு நாடாவையும் ஒரு பிடி பிடித்ததில் விரல் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோய், தூக்கியிருந்த கையை இயல்பாகக் கீழே போட்டார். ரத்தமெல்லாம் அந்த வளையத்தின் மேல் வந்து மோதியது.

"ஆ! … இல்ல இல்ல. கால்ல கட்டை இடிச்சுக்கிச்சு. … கால்தான் சகலை, கால்! … சரி, பேசிட்டிருக்கும்போது ஞாபகம் வருது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்… உங்களுக்குத் தெரியாது, ஆபீஸ்ல ஒருத்தர். அவரும் வீட்ல சின்னதா பட்டறை வச்சிருக்கார். … மரம்தான். நல்ல மனுஷங்க மரம்தானே எடுப்பாங்க. அவரோட பேரிங் ஒண்ணு ஒரு தண்டுல மாட்டிக்கிச்சாம், வர மாட்டேங்குதாம். அதை அறுத்து எடுக்கணும்னா எதால அறுக்கறது? … இரும்பறுக்கற ரம்பமா? போட்டுப் பாத்தேன்… பாத்தாராம். பல்லு போனதுதான் மிச்சம். … பிளேடோட பல்லு சகலை! உங்களுக்கு எதைச் சொன்னாலும் அதே ஞாபகம்."

ரம்ப பிளேடு மேசையின் மேல் கிடந்தது. பேரிங்கில் ஒரு கீறல்கூட விழவில்லை. அது சாதாரண இரும்பு இல்லை, நெருப்பிலும் எண்ணெயிலும் போட்டுக் கெட்டிப்படுத்தின எஃகு என்பது அவருக்குத் தெரியும். அதை அறுக்கிற சாமான் எதுவும் தன் பட்டறையில் இல்லை என்பதும் தெரியும். இரும்பு வேலைக்கான எந்த மெஷினையும் உள்ளே விடக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான்.

"தண்டு எதுல செஞ்சதுன்னா கேக்கறீங்க? அது… உலோகம் இல்ல. … பித்தளையும் இல்ல. … அலுமினியமும் இல்ல சகலை, உலோகம் இல்லைன்னு சொன்னேன்ல! மரம்… மரம் மாதிரி. உள்ள கெட்டி, மேல மெது. … அப்படியெல்லாம் மரம் இருக்கு, உங்களுக்கு எங்க தெரியப் போகுது? வெளிநாட்டு மரம். … என்னது? பேரிங்கைச் சூடு பண்ணணுமா? எவ்வளவு? … செவக்கற வரைக்குமா! வேண்டாம் வேண்டாம். தண்டு சூடு தாங்காது. … கொஞ்சம்கூடத் தாங்காது! … சுத்தியால அடிக்கறதா? எந்தப் பக்கம்? … நுனியிலயா? இல்ல, அடிக்கற பேச்சே எடுக்காதீங்க. … வைஸ்ல கவ்வி முறுக்கினா வருமா? … வரும், எல்லாமே வரும்! முறுக்கக் கூடாது சகலை. அந்தத் தண்டு தனியா இல்ல, இன்னொண்ணோட சேந்து இருக்கு. … கழட்டிட முடியாது. பொறந்ததுலருந்தே… செஞ்சதுலருந்தே சேந்துதான் இருக்கு."

நெற்றியில் வியர்வை பூத்தது. முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க? … திருப்பிச் சொல்லுங்க. … தண்டை வெட்டிப் போட்டுட்டு, புதுசா ஒண்ணு கடைஞ்சு தர்றீங்களா? … புது லேத்துல முதல் வேலையா? … ரொம்பப் பெரிய மனசு சகலை உங்களுக்கு. வேண்டாம். … ஏன் வேண்டாம்னா, வேண்டாம்! அந்த அளவுல அவர்கிட்ட அந்த ஒரு தண்டுதான் இருக்கு. … மத்த தண்டெல்லாம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. அதெல்லாம் வேற வேற அளவு. … இல்ல, நாலு இருந்தா போதாது! அஞ்சும் வேணும்!"

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்கும். ஒரு மருத்துவர் இத்தனை அமைதியாக, ஒன்றன்பின் ஒன்றாக, அடி, வெட்டு, சூடு போடு என்று சொல்வாரா என்று யோசித்திருப்பார்கள். பெரியவருக்கு அந்தச் சந்தேகமே எழவில்லை. இரும்பு மண்டை அப்படித்தான் வேலை செய்யும் என்று அவருக்கு முன்பே தெரியும். இந்த ஆளை நம்பி எத்தனை பேர் வாயைப் பிளந்துகொண்டு உட்காருகிறார்கள் என்று நினைத்து, அந்த வலியிலும் ஒருமுறை உதட்டைப் பிதுக்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று கேட்கலாம். போகலாம். பக்கத்துத் தெருவிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் பெரியவர் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து இழப்பீட்டுப் பிரிவின் மேலாளர். கையை வெட்டிக்கொண்டவர்கள், காலில் ஆணி ஏற்றிக்கொண்டவர்கள், ஏணியிலிருந்து விழுந்தவர்கள் எல்லோருடைய விண்ணப்பமும் அந்த ஆஸ்பத்திரி முத்திரையோடு அவர் மேசைக்குத்தான் வரும். அவர் படித்துப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தை எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே வாசலில் இருக்கிற காவலாளியிலிருந்து கட்டுப் போடுகிற நர்ஸ் வரைக்கும் அந்தக் கையெழுத்து பிரசித்தம். அப்படிப்பட்டவர், விரலில் பேரிங்கோடு, அங்கே போய்க் கையை நீட்டுவதா? விளையாட்டுச் சாமான் மாதிரி சுற்றிப் பார்த்தேன் என்று சொல்வதா? அதற்கு விரல் போனாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"சகலை, கொஞ்சம் இருங்க… என்ன? … ஒண்ணும் வேணாம்னு சொன்னேன்ல! … ஐஸ்தான் கேட்டேன், ஐஸை ஜன்னல்ல வச்சுட்டுப் போ. … மரத்துக்குத்தான்! மரத்துக்கு ஐஸ் வைப்பாங்க, உனக்குத் தெரியாது! … கதவைத் தொறக்க முடியாது, பசை காயுது, காத்து படக் கூடாது. … போ, போ. … ஹலோ? உங்ககிட்ட இல்ல சகலை, இங்க எங்க வீட்டம்மா. எதைக் குடுத்தாலும் எதுக்குன்னு கேக்கறது. சோப்பு கேட்டா எதுக்கு, ஐஸ் கேட்டா எதுக்கு. சொல்லிட்டா மட்டும் புரிஞ்சுடப் போகுதா? நல்லவேளை, ரெண்டு தடவை கேட்டுட்டு விட்டுட்டா. … அது சரி, அங்க என்ன ஹாரன் சத்தம்? … டிவியா? டிவியில யாரோ ஒரு பொம்பள, 'நகரேன்யா'ன்னு கத்தறா? … சீரியலா! நல்லா பாருங்க. பட்டறை போடறேன்னு சொல்லிட்டு சீரியல் பாருங்க."

ஜன்னல் விளிம்பில் கிண்ணத்தில் ஐஸ் இருந்தது. அதற்குள் விரலை விட்டார். சில்லென்று இருந்திருக்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. வலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஆங், சொல்லுங்க. … அந்த நண்பருக்கு நான் சொல்லிடறேன், நீங்க ஒண்ணும் மெனக்கெட வேண்டாம். கிரைண்டர் மாதிரி ஏதாவது வச்சிருந்தா… இல்ல, இரவல் குடுத்தா… இல்ல, நீங்களே எப்பவாவது இந்தப் பக்கம் வந்தா… … என்னது? … கையைக் கீழ போடாதீங்கன்னா? சரி. … சரி, தூக்கித்தான் பிடிச்சிருக்கேன். …"

சுவரில் தொங்கிய இழைப்புளிகளைப் பெரியவர் வரிசையாகப் பார்த்தார்.

"யார் கையை? … நான் கையைப் பத்திப் பேசவே இல்லையே. … தண்டுன்னுதானே சொன்னேன்? … சகலை. உங்களுக்குத் தெரியுமா? … எப்பலருந்து? … நான் போன் பண்றதுக்கு முன்னாடியேவா! யார் சொன்னது? … அவளா? அவளுக்கு எப்படித் தெரியும், நான் கதவை… … ஜன்னல். … ஆமா, ஜன்னல். அப்ப எதுக்கு என்கிட்ட அத்தனை தடவை எதுக்கு எதுக்குன்னு கேட்டா? … நானா சொல்லுவேன்னு பாத்தாளாமா? … அப்ப அந்தச் சுத்தி? அந்தச் சூடு? வெட்டிட்டு வேற கடைஞ்சு தர்றேன்னீங்களே? … தமாஷா? இங்க ஒருத்தன் உயிர் போற வலியில… … சிரிக்கறது யாரு? … இது உங்க சிரிப்பு இல்லையே. … ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா! அப்ப அந்த டிவி… கார் ஓட்டறது…"

தொண்டையைச் செருமிக்கொண்டு, கொழுந்தியாளிடம் குரலை மாற்றினார்.

"ஆங்… நல்லா இருக்கியாம்மா? … நான் நல்லாத்தாம்மா இருக்கேன். … இல்லம்மா, அந்தத் திரை நல்லாத்தான் இருந்துச்சு. அந்த ஜன்னல்தான் உயரம் ஜாஸ்தி. … சரிம்மா. … ரோட்டைப் பாத்து ஓட்டும்மா."

அவமானம் காதுமடல் வரைக்கும் ஏறியது. இதற்கு ஆஸ்பத்திரியே தேவலாம் என்று தோன்றியது. அங்கே முன்பின் தெரியாதவர்கள் சிரிப்பார்கள். இவர்கள் சாகும்வரை சிரிப்பார்கள். மாமனார் வீட்டுக் கூடம், தட்டுகள், எல்லோர் முகமும் தன் விரலை நோக்கித் திரும்புவது எல்லாம் கண்முன் வந்தது.

"ஸ்பீக்கரை எடுங்க. … எடுத்துட்டீங்களா? இப்பச் சொல்றேன், கேட்டுக்குங்க. வண்டியைத் திருப்புங்க. … திருப்புங்கன்னு சொல்றேன்ல! எனக்கு யார் தயவும் வேண்டாம். பட்டறை போடறது எப்படின்னே தெரியாத ஆளு, மாடியில லேத் வைக்கற ஆளு, வைஸை நடுவுல மாட்டற ஆளு, என் விரலைத் தொடப் போறீங்களா? … நான் பாத்துக்கறேன். ஒரு பேரிங்கைக் கழட்டத் தெரியாதவன் இல்ல நான். … என்ன? … எதுக்கு? … நகத்தை அமுக்கினா என்ன தெரியப் போகுது உங்களுக்கு?"

சின்னவரின் குரல் மாறியிருந்தது. விளையாட்டெல்லாம் போய், பல் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிற குரல் அது. பெரியவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சொன்னபடி செய்தார்.

"அமுக்கினேன். … வெளுத்துச்சு. … இல்ல. … இன்னும் வர்ல. … வருது, மெதுவா. முழுசா வர்ல. … ஊசியா? ஊசி இல்ல, மரத்துல கோடு போடற கூர்முனை இருக்கு. … நுனியிலயா? … குத்திட்டேன். … குத்திட்டேன் சகலை. … தெரியல. … இல்ல, வலிக்கலைன்னு சொல்லல. தெரியவே இல்ல."

அவர் குரல் தாழ்ந்துபோயிற்று. வலி குறைந்ததை நல்ல சகுனம் என்று நினைத்தது எவ்வளவு தப்பு என்று இப்போது புரிந்தது. பயந்துவிட்டார். வாழ்க்கையில் எத்தனையோ பேருடைய விரல்களைக் காகிதத்தில் படித்துத் தள்ளியிருக்கிறார். போனால் போன விரல்தான், நான்கு இருக்கிறதே என்று அவரே ஒருவரிடம் நேரில் சொல்லியிருக்கிறார்.

"சகலை… இது போயிடுமா? … உண்மையைச் சொல்லுங்க. … சீக்கிரம் எடுத்துட்டா போகாதா? … இல்ல, உங்களுக்கு இது சிரிப்பா இருக்கும். இழைச்ச பலகையை நான் இந்த விரலாலதான் தடவிப் பாக்கறது. மத்த விரலெல்லாம் காய்ச்சுப் போச்சு, அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பலகையில எங்க மேடு, எங்க பள்ளம்னு இதுக்குத்தான் தெரியும். இது போனா நான்… … சிரிக்கலையா? … சரி. … எவ்வளவு தூரத்துல இருக்கீங்க? … வளைவு திரும்பிட்டீங்களா. … இல்ல, திருப்ப வேண்டாம். திருப்ப வேண்டாம் சகலை, வாங்க."

அந்த 'வாங்க' வெளியே வந்த விதம் அவருக்கே புதிதாக இருந்தது. அந்தப் பட்டறைக்குச் சின்னவரை அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஒரே ஒருமுறை சின்னவராகவே வந்தார், இந்தப் பட்டறை போட்ட புதிதில், ஆசையாக, இழுப்பறைக்கு மாட்ட ஒரு நல்ல இரும்புப் பிடியைத் தானே அரத்தால் ராவிச் செய்து எடுத்துக்கொண்டு. அவர் செருப்பின் அடியில் ஒட்டியிருந்த இரும்புத்தூள் தரையில் கிடந்த ஈரப் பலகை ஒன்றில் உதிர்ந்து, பலகை முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழுந்துவிட்டது. பெரியவர் சகலையை வாசலில் நிறுத்தி, மாமனார் மாமியார் பார்க்கச் செருப்பைக் கழற்றச் சொன்னார். கால்சட்டை மடிப்பை உதறச் சொன்னார். அந்தப் பிடியையும் வெளியிலேயே வைக்கச் சொன்னார். மறுநாளே, நல்ல பலகையாகத் தேர்ந்தெடுத்து, உளியால் எழுத்துச் செதுக்கி, கதவுக்கு மேலே மாட்டினார்: 'செருப்புக்கும் இரும்புக்கும் இங்கே இடமில்லை.' செதுக்கல் அருமையாக வந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். சின்னவர் அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவார், கூடத்தில் உட்காருவார், போய்விடுவார்.

"எதை எடுத்துட்டு வர்றீங்க? கிரைண்டரா? இங்க பூரா மரத்தூள், ஒரு பொறி விழுந்தாலும் தெருவே எரியும். … இல்லையா? … பல்லுக்குப் போடற அந்தச் சின்ன மெஷினா! … வைரத்தூள் ஒட்டின சக்கரமா. … தண்ணி விட்டுக்கிட்டே அறுப்பீங்களா. … ஆமா, தண்ணி விட்டா சூடும் ஏறாது, பொறியும் பறக்காது. அதுகூட எனக்குத் தெரியாதா? … கிளினிக் போய் எடுத்துட்டு வந்தீங்களா இதுக்காக? இன்னிக்கு லீவு நாளாச்சே. … ம். … முதல்ல வெளி வளையம், அப்புறம் குண்டெல்லாம் கொட்டிடும், அப்புறம் உள் வளையம். … ம். … ஆடாம வச்சுக்கறேன். … வாயைத் திறக்க வேண்டியதில்லையா? திறக்கணுமான்னு கேட்டேனா நான்? ஏன் சிரிக்கறீங்க? … சரி, நானும்தான் சிரிக்கறேன், போதுமா?"

வெளியே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. பெரியவர் வலது கையால் தாழைத் திறக்கப் போனவர், போனை விடவும் மனமில்லாமல், இடது கை முழங்கையால் தாழை இடித்துத் தள்ளினார்.

"வந்தாச்சா? … கதவு தொறந்துதான் இருக்கு. … எங்க, வெளியிலயா? … முற்றத்துல உக்காந்து அறுக்கலாமா? எதுக்கு? … ஓ. … இல்ல, இரும்புத்தூள் கலந்த தண்ணி கொட்டும்தான். மேசை மேல பலகை இருக்குதான், புதுசா இழைச்ச பலகை. கறுப்பாத்தான் போகும். … வெளியில முடியாது சகலை. … முடியாதுன்னா முடியாது. வெளியில ப்ளக் பாயின்ட் இல்ல."

வெளிச்சுவரில் ப்ளக் பாயின்ட் இருந்தது. அவரே வைத்ததுதான். சின்னவர் நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து அது நன்றாகத் தெரிந்தது.

கதவு திறந்தது. சின்னவர் ஒரு கையில் மெஷின் பெட்டியும், காதில் போனுமாக, எழுத்துச் செதுக்கிய அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றார். உள்ளே வரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வாசற்படிதான். இருந்தும் இரண்டு பேர் காதிலும் போன் இருந்தது. சின்னவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, செருப்பின் வாரில் கை வைத்தார்.

"என்ன பண்றீங்க குனிஞ்சு? … எதைப் பாக்கறீங்க மேல? … அது பழைய பலகை, எழுத்துகூடச் சரியா வர்ல. … சகலை, காதுல விழுதா? … நான் சொல்றேன்ல. … அட, கழட்டாதீங்க! செருப்போடயே உள்ள வாங்க."

சின்னவர் நிமிர்ந்தார். போனை அணைத்துப் பைக்குள் போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, செருப்போடு படியைத் தாண்டினார்.